எடை குறைந்த தொலைநோக்கி மவுண்ட் வாங்கியவர்களே, நம் 11 டிகிரி அட்சரேகையில் உங்களுக்கு என்ன நேர்ந்தது?

நாமக்கல் இரவன்

2024 அக்டோபர். சுசின்ஷான்-அட்லஸ் வால்மீன் மாலை வானத்துக்கு வந்திருந்த நாட்கள். தொடர்ந்து மேகம், ஒரே ஒரு மாலை மட்டும் திறந்தது. அன்று நடந்தது இன்னும் தொண்டையில் முள்ளாக நிற்கிறது.

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் பைக்கிலேயே ஏறிவிட வேண்டும் என்பதற்காக வாங்கிய சிறிய ஈக்வடோரியல் மவுண்ட் (தொலைநோக்கியைத் தாங்கி, வானத்தின் சுழற்சியோடு திருப்புவது) அது. தலைப்பகுதி மூன்று கிலோகூட இல்லை. மேலே 60 மி.மீ. தொலைநோக்கி, பின்னால் கேமரா. மவுண்டின் அச்சைத் துருவ நட்சத்திரத்தை நோக்கி வைத்தாகிவிட்டது. 30 விநாடிப் படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்தன, நட்சத்திரங்கள் எல்லாம் புள்ளி புள்ளியாக. வால்மீன் சில்வர் ஓக் மரங்களின் தலையை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது. வால் கேமராத் திரையின் குறுக்கே முழுவதும் நீண்டிருந்தது.

திடீரென்று எல்லாம் கோடு. அடுத்த படமும் கோடு. சிவப்பு விளக்கைப் போட்டுப் பார்த்தால், தொலைநோக்கியைச் சமன்செய்ய மறுபக்கத் தண்டில் மாட்டிய எதிர்எடை முக்காலியின் வடக்குக் காலின்மேல் வந்து உட்கார்ந்திருக்கிறது. மோட்டார் வண்டு முனகுவதுபோல முனகிக்கொண்டு அதைக் காலுக்குள் அழுத்திக்கொண்டிருந்தது. கறுப்புப் பூச்சு பெயர்ந்து நகக்கண் அளவுக்கு அலுமினியம் பளபளத்தது. பிடியைத் தளர்த்தி, சுற்றி வைத்து, மறுபடி தேடி எடுப்பதற்குள் வால்மீன் மரத்துக்குப் பின்னால் போய்விட்டது. மறுநாள் மழை. அந்த வால்மீன் நம் ஆயுளில் திரும்பி வராது.

வாங்கும்போது எடை பார்த்தேன், எவ்வளவு தாங்கும் என்று பார்த்தேன், விலை பார்த்தேன். நம் அட்சரேகையில் இது எப்படி நிற்கும் என்று பார்க்கவில்லை, யாரும் சொல்லவும் இல்லை. உங்களுக்கு நேர்ந்ததைச் சொல்லுங்கள்.

எதிர்எடை

நண்பரே, மவுண்ட்மேல் பிழையில்லை. காலை வடக்கே வைத்ததுதான் பிழை.

திருநெல்வேலி 8.7 டிகிரி, உங்களைவிடக் கீழே. முதல் இரவிலேயே எனக்கும் இடித்தது. கிழக்கே அப்போதுதான் எழுந்திருந்த வியாழனை நோக்கித் திருப்பினேன், 'டக்' என்று ஒரு சத்தம், தொலைநோக்கி நின்றுவிட்டது. எதிர்எடை கழன்று விழுந்துவிட்டதோ என்று நெஞ்சு பதறியது. மறுநாள் பகலில் வைத்துப் பார்த்ததும் விளங்கிவிட்டது.

அட்சரேகை எத்தனை டிகிரியோ அத்தனைதான் துருவ அச்சு நிமிரும். ஐரோப்பாவில் 50 டிகிரியில் இருப்பவருக்கு அது நிமிர்ந்து நிற்கிறது. எதிர்எடைத் தண்டு முக்காலியை விட்டு விலகி வெளியே சாய்ந்து தொங்கும். நமக்கு அச்சே படுத்துக்கிடக்கிறது. பார்க்கும் பொருள் கிழக்கிலோ மேற்கிலோ அடிவானத்தை ஒட்டி இருந்தால் தண்டு செங்குத்தாகக் கீழே வரும். அங்கே ஒரு கால் இருந்தால் இடிக்காமல் என்ன செய்யும்? உச்சியைக் கடக்கும் பொருளுக்குத் தண்டு கிடைமட்டமாக இருக்கும், அப்போது பிரச்சினை தெரியாது. உங்கள் வால்மீன் அடிவானத்தை ஒட்டி இருந்தது, அதனால் மாட்டிக்கொண்டீர்கள்.

ஒரு காலைத் தெற்கே வையுங்கள். வடக்கே இரண்டு கால்களுக்கு நடுவில் இடைவெளி வரட்டும், எடை அதற்குள் இறங்கிப் போய்விடும். காசு செலவே இல்லை.

தெம்பனிஸ் மாடி

'எதிர்எடை' என்ற பெயரில் எழுதியவரே, நீங்கள் சொன்னதை அப்படியே செய்தவன் நான். என் இடது முன்கையில் தழும்பு இருக்கிறது.

சிங்கப்பூர் ஒன்றரை டிகிரிகூட இல்லை. துருவ நட்சத்திரத்தை இங்கே இதுவரை நான் கண்டதில்லை. மவுண்டின் உயரத் திருகு அவ்வளவு கீழே இறங்கவும் இல்லை. அதனால் தெற்குக் காலை நீட்டி, முழு முக்காலியையும் வடக்கே சாய்த்தேன். இடைவெளியும் வடக்கே. எடை இடிக்கவே இல்லை, மிகவும் மகிழ்ந்துபோனேன்.

கடற்கரையில் இரவு பத்து மணி இருக்கும். காற்று ஒரே ஒரு தடவை பலமாக வந்தது. தெற்குக் காலின் ரப்பர் முனை மணலை விட்டு மேலே எழும்புவதைப் பார்த்தேன். அந்த ஒரு நொடி எவ்வளவு நீளம் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். மொத்தமும் வடக்கே கவிழ்ந்தது. கையைக் கொடுத்தேன், திருகின் முனை கிழித்துவிட்டது. லென்ஸ் தப்பியது.

அச்சு படுத்துவிட்டால் சுமை முக்காலியின் நடுவில் இருக்காது, வடக்கே தள்ளிப் போய்விடும். அந்தப் பக்கம் கால் இல்லாமல் வெறும் இடைவெளியை விட்டால் அது சாயத்தான் செய்யும். எடை குறைந்த முக்காலிக்கு எதிர்த்து நிற்கத் தன் கனமும் கிடையாது. காவலூர் வானாய்வகத்துக்குப் போனவர்கள் 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கியை நினைத்துப் பாருங்கள். அதன் அச்சு இரு முனையிலும் தாங்கப்பட்டிருக்கிறது, வடக்கு முனையில் பெரிய குதிரை லாட வளையம். நமக்குப் பழக்கமான, எதிர்எடை வைத்த ஜெர்மன் வகை மவுண்டில் எல்லாச் சுமையும் ஒரு பக்கமாகத் தொங்கும். காவலூரில் குறைந்த அட்சரேகைக்கு என்றே அப்படிக் கட்டினார்கள். அந்தக் காரணம் நம் மூன்று கிலோ மவுண்டுக்கும் பொருந்தும்.

ஆகவே வடக்கே கால் இருந்தே தீர வேண்டும். இடிக்காமலிருக்க, முக்காலிக்கும் தலைக்கும் நடுவில் ஒரு நீட்டுக் குழாய் போடுங்கள். தலை உயர்ந்துவிட்டால் எடை காலைத் தொடாமல் அதற்கு மேலாகச் சுற்றும்.

ஆரணி ஆசிரியை

நான் படம் எடுப்பதில்லை, பிள்ளைகளுக்குக் காட்டுகிறேன். கையால் திருகும் சிறிய ஈக்வடோரியல் மவுண்ட். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போகக்கூடியது என்பதால் வாங்கினேன். ஆறு ஊர்ப் பள்ளிகளுக்கு அது வந்திருக்கிறது.

2025இல் சனியின் வளையம் விளிம்பாகத் திரும்பிவிட்டதல்லவா? அந்த நவம்பரில் ஒரு பள்ளி மொட்டைமாடி. வளையம் கிரகத்தின் குறுக்கே செருகிய ஊசிபோல மட்டும்தான் தெரியும் என்று முன்பே சொல்லிவைத்திருந்தேன். வரிசையில் 60 பிள்ளைகள். ஒவ்வொருவரும் குவியத் திருகைத் தொடும்போதும் குழல் நடுங்கும், நடுக்கம் அடங்க ஐந்து விநாடி ஆகும். வளையம் அகலமாக இருந்த ஆண்டுகளில் இந்த நடுக்கத்தை நான் பொருட்படுத்தியதே இல்லை. மெல்லிய கோடு என்பதால் நடுங்கியவுடன் அது கரைந்துபோனது. ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி வெகுநேரம் கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு, "டீச்சர், எனக்கு மட்டும் வளையம் இல்லை" என்றாள். அழுகை வராமல் அடக்கிக்கொண்டு சொன்னாள். மறுபடி அழைத்துக் காட்டுவதற்குள் மேகம் மூடிவிட்டது.

பிறகுதான் செய்தேன்: கால்களை நீட்டவே இல்லை, பிள்ளைகள் மண்டியிட்டுப் பார்க்கட்டும். நடுத்தட்டிலிருந்து ஐந்து லிட்டர் தண்ணீர் கேனைத் தொங்கவிட்டேன், அடி தரையை லேசாகத் தொடும்படி. நடுக்கம் இரண்டு விநாடியில் அடங்கிவிடுகிறது. வாங்கப் போகிறவர்கள் கடையிலேயே குழலை விரலால் ஒரு தட்டுத் தட்டி, பிம்பம் நிற்கும்வரை எண்ணிப் பாருங்கள்.

கார்த்திகைக் கூட்டம்

என் கதை சிறியது. ஏலகிரியில் நள்ளிரவில் பாட்டரி வயரில் கால் இடறியது. ஹார்மோனிக் மவுண்ட், ஒன்றரை மணி நேர வழிகாட்டல் (தனிக் கேமராவால் ஒரு நட்சத்திரத்தைக் கவனித்து மவுண்டைத் திருத்திக்கொண்டே இருப்பது) அதோடு முடிந்தது. அன்றிலிருந்து வயரைக் காலில் நாடாவால் கட்டுகிறேன்.

ஆனால் மேலே எல்லோரும் எதிர்எடையைப் பற்றியே பேசுகிறீர்கள், அதையே விட்டுவிடலாம் என்று ஒருவரும் சொல்லவில்லை. ஹார்மோனிக் இயக்கி, 1950களில் வால்டன் மஸ்ஸர் கண்டுபிடித்தது. அப்போலோ நிலவு வண்டியின் சக்கரங்களில் இருந்தது. வளைந்து கொடுக்கும் மெல்லிய பல்சக்கரம் ஒன்று பெரிய வளையத்தின் பற்களோடு ஒரே நேரத்தில் பல இடங்களில் பொருந்தி நிற்பதால், சின்ன உருவத்தில் பெரிய முறுக்குவிசை கிடைக்கிறது. எதிர்எடை இல்லாமலே சுமையைத் தூக்கிவிடும். இசட்டபிள்யூஓ நிறுவனத்தின் ஏஎம்5 ஹார்மோனிக் மவுண்டின் தலை 5 கிலோ, எதிர்எடை இன்றி 13 கிலோ தாங்கும் என்கிறார்கள். ஏஎம்3 4 கிலோவுக்குள், 8 கிலோ தாங்கும். தண்டே இல்லை என்றால் எதைக் கொண்டு காலில் இடிக்கும்?

அதற்காக ஓடிப்போய் வாங்கிவிடாதீர்கள். வழிகாட்டும் கேமரா இல்லாமல் இதில் நீண்ட எக்ஸ்போஷர் எடுக்க முடியாது, வானத்தைத் தொடர்வதில் பிழை அதிகம், வேகமாகவும் மாறும். புழுபோன்ற திருகு ஒன்று பல்சக்கரத்தைச் சுற்றும் வழக்கமான புழுச்சக்கர மவுண்டில் பிழை நிதானமாக வரும். ஸ்டார் அட்வென்ச்சரர் என்ற சிறு மவுண்டில் உள்ளதுபோன்ற 144 பல் சக்கரத்தில் திருகின் ஒரு சுற்றுக்குப் பத்து நிமிடம், அகலக் கோண லென்ஸுக்கு வழிகாட்டலே வேண்டாம். ஹார்மோனிக்கில் அந்தச் சலுகை இல்லை. கேமரா, வழிகாட்டும் குழல், கணினி, அத்தனைக்கும் பாட்டரி என்று சேர்த்து எடை போட்டுப் பாருங்கள், மிச்சம் பிடித்த எடை அங்கே திரும்பி வந்துவிடும். எதிர்எடை இல்லாததால் கவிழும் அபாயமும் கூடுதல். சிங்கப்பூர் நண்பர் சொன்ன வடக்குக் கால் இதற்குக் கட்டாயம்.

இன்னொன்று. பெட்டியில் போட்டிருக்கும் கிலோவை அப்படியே நம்பாதீர்கள். படம் எடுப்பதற்கு அதில் பாதி, மிஞ்சினால் மூன்றில் இரண்டு பங்கு என்று வையுங்கள். எடை மட்டும் கணக்கில்லை, நீளமும் உண்டு. நான்கு கிலோ குட்டை ஒளிவிலகல் குழல் அடங்கி நிற்கும். அதே நான்கு கிலோ 130 மி.மீ. நியூட்டன் குழல் காற்றைப் பாய்மரம்போல வாங்கும். முதலில் எந்தக் குழல் என்று முடிவு செய்யுங்கள், பிறகு எந்த இடத்துக்கு எப்படிப் போவீர்கள் என்று பாருங்கள். பைக்கா, பஸ்ஸா, காரா? அதன்பிறகுதான் மவுண்ட். கார் இருப்பவர் மூன்று கிலோ மவுண்ட் ஏன் வாங்க வேண்டும் என்பது எனக்குப் புரியவே இல்லை. 10 கிலோ தலை வாங்கி நிம்மதியாக இருக்கலாம்.

பருத்தித்துறைக் கரை

கார் இருப்பவருக்கும் முதுகு இருக்கிறது, அண்ணா. எனக்கு வயது 61.

எங்களுக்கு வடக்கே கடல், மறைக்க ஒன்றுமில்லை. துருவ நட்சத்திரம் பத்து டிகிரிக்குச் சற்றுக் கீழே நிற்கும். ஒரு புழுக்கமான இரவு, கடல்மேல் மங்கல். கைபேசித் திசைகாட்டியை முக்காலியின் இரும்புக் காலிலேயே வைத்துப் பார்த்தேன். அது காட்டிய பக்கம் ஒரே ஒரு நட்சத்திரம் தெரிந்தது, அதைப் பிடித்தேன். இரண்டு மணி நேரம் எடுத்த படங்கள் எல்லாம் வில்லாக வளைந்திருந்தன. மங்கல் விலகியபோது, நான் பிடித்தது கோச்சாப் என்ற வேறொரு நட்சத்திரம் என்று தெரிந்தது. பிரகாசம் ஏறக்குறைய ஒன்றுதான், ஆனால் துருவத்திலிருந்து 16 டிகிரி தள்ளி. இரும்பு என் ஊசியை இழுத்திருக்கிறது. இப்போது திசைகாட்டியை பத்தடி தள்ளி மணலில் வைக்கிறேன்.

தெம்பனிஸ் மாடி

ஐயா, துருவ நட்சத்திரமே வேண்டாம். வானத்தில் எங்கேயாவது மூன்று இடங்களில் படம் எடுத்து அச்சின் பிழையைச் சொல்லும் முறை நினா என்ற வானியல் படமெடுப்பு மென்பொருளில் இருக்கிறது. கணினி இல்லையென்றால் பழைய வழி: வடக்கு-தெற்காகத் தலைக்கு மேலே போகும் உச்சிக்கோட்டருகே ஒரு நட்சத்திரம், கிழக்கே ஒரு நட்சத்திரம், அவை வடக்கே நகர்கின்றனவா தெற்கே நகர்கின்றனவா என்று பார்த்துத் திருத்துவது. அரைமணி நேரம் ஆகும், ஆனால் அது ஏமாற்றாது.

நாமக்கல் இரவன்

எல்லோருக்கும் நன்றி. லாரி பாடி கட்டும் பட்டறை ஒன்றில் 20 செ.மீ. குழாய் வெட்டி, இரு முனையிலும் தட்டு வைத்து பற்றவைத்துக் கொண்டுவந்தேன். என்ன ஏதென்று விவரமாகக் கேட்ட பட்டறைக்காரர், கூலி வாங்க மறுத்துவிட்டார்.

நேற்று மொட்டைமாடியில் வடக்கே காலை வைத்து, தண்டை முழுவதும் கீழே இறக்கிச் சுற்றினேன். எடைக்கும் காலுக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி. தட்டிப் பார்த்தேன், ஆசிரியை அவர்களே, தண்ணீர் கேனோடு மூன்று விநாடி. கேன் இல்லாமல் ஆறு. குழாய் போட்டதால் கூடியிருக்கிறது என்று நினைக்கிறேன், இன்னும் கனமான தட்டு வைத்துப் பார்க்கப்போகிறேன். அடுத்த அமாவாசைக்கு மலை ஏறுகிறேன். ஒமேகா சென்டாரி நட்சத்திரக் கொத்து தெற்கே 31 டிகிரி உயரத்துக்கு வரும். பட்டறைக்காரரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.