"கருத்தில் கொள்ளப்பட்டது" என்று எழுதிவிட்டால் போதுமா?

மழைக்குறி:

நான் தினமும் ஏறி இறங்கும் பேருந்து நிறுத்தத்தை இருநூறு மீட்டர் தள்ளி வைக்கப்போவதாக ஓர் அறிவிப்பு வந்தது. பொதுமக்கள் தங்கள் ஆட்சேபணைகளை 21 நாட்களுக்குள் எழுத்துமூலம் தெரிவிக்கலாம் என்று கீழே ஒரு வரி. நம்பி எழுதினேன், இரண்டு பக்கம். பழைய நிறுத்தத்துக்கு எதிரிலேயே மருத்துவமனை இருக்கிறது. புது இடத்தில் இறங்கும் வயதானவர்கள் பெரிய சாலையைக் கடந்துதான் அங்கே போக வேண்டும். முப்பது மீட்டர் மட்டும் நகர்த்தினாலே அவர்கள் சொல்லும் நெரிசல் குறையும் என்று கையால் ஒரு படமும் வரைந்து வைத்திருந்தேன்.

ஐந்து மாதம் கழித்து இறுதி அறிக்கை வந்தது. கடைசியில் ஓர் இணைப்பு. அதில் மூன்று கட்டங்கள்: வரிசை எண், கருத்து, பதில். என் எண் 47. நான் எழுதிய இரண்டு பக்கமும் "பயணிகள் வசதி தொடர்பானது" என்று சுருங்கிப் போயிருந்தது. பக்கத்தில் "கருத்தில் கொள்ளப்பட்டது". 46க்கும் அதே. 48க்கும் அதே.

நிறுத்தம் போனதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். முப்பது மீட்டர் ஏன் சரிப்படாது என்று ஒரு வரி சொல்லியிருக்கலாமே? பிரிட்டனில் 1985ல் ஒரு வழக்கு. லண்டனின் பிரெண்ட் நிர்வாகம் பள்ளிகளை மூடுவது, இணைப்பது பற்றியது. கன்னிங் வழக்கு என்பார்கள். முடிவு உருவாகிக்கொண்டிருக்கும்போதே கேட்க வேண்டும், யோசித்துச் சொல்லும் அளவுக்குக் காரணங்களைத் தர வேண்டும், போதுமான அவகாசம் தர வேண்டும், வந்ததை மனசாட்சியோடு எடைபோட்ட பிறகே முடிவெடுக்க வேண்டும் என்று நான்கு விதிகள் அதிலிருந்து வந்தன. இவற்றோடு ஐந்தாவதாக ஒன்றையும் கேட்கிறேன். எதை ஏற்றீர்கள், எதை ஏன் தள்ளினீர்கள் என்று கேட்டவருக்குப் பதில் சொல்லுங்கள். இது நடக்கக்கூடிய காரியமா, இல்லையா? உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

பழைய கோப்பு:

மழைக்குறி, அந்த மூன்றாவது கட்டத்தை 11 வருடம் நிரப்பியவன் நான். எந்த அலுவலகம் என்று வேண்டாம். உங்கள் வருத்தம் புரிகிறது, ஆனால் உங்கள் தீர்வை ஏற்க முடியவில்லை.

ஒரு திட்டத்துக்கு அறுநூற்றுச் சொச்சம் கடிதம் வந்தது. நாங்கள் இரண்டு பேர், மூன்று வாரம். அதில் நானூறுக்கு மேல் ஒரே வாசகம், கீழே கையெழுத்து மட்டும் வேறு. மீதியில் பாதி எங்களுக்குச் சம்பந்தமே இல்லாத தெருவிளக்கு, குடிநீர். ஒவ்வொன்றுக்கும் காரணம் எழுதிக்கொண்டிருந்தால் திட்டம் எப்போது நடக்கும்?

அதைவிடப் பெரிய கேள்வி, எழுதுகிறவர்கள் யார் என்பது. கூட்டம் போட்டால் அதே பத்துப் பேர்தான் வருவார்கள். முதல் வரிசையில் யார் உட்காருவார், மைக் யார் கைக்கு முதலில் போகும் என்பதுகூட எனக்கு மனப்பாடம். அமெரிக்காவில் பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பாஸ்டனைச் சுற்றியுள்ள 97 ஊர்களின் கூட்டக் குறிப்புகளை எடுத்துப் பார்த்தார்கள். புது வீடுகள் கட்டுவது பற்றிப் பேசியவர்களில் 63 சதவீதம் எதிர்ப்பு, 15 சதவீதம்தான் ஆதரவு. பேசியவர்களில் வயதானவர்களும் சொந்த வீடு உள்ளவர்களும் அந்த ஊர்களில் இருக்கும் விகிதத்தைவிட அதிகம். வாடகைக்கு வீடு தேடி அலைகிறவன் அந்தக் கூட்டத்துக்கு எப்படி வருவான்? அவன் இன்னும் அந்த ஊருக்கே வரவில்லை. கொரோனா காலத்தில் கூட்டங்கள் இணையத்துக்கு மாறியபோதும் பேசுகிற ஆட்கள் பெரிதாக மாறவில்லை என்பது அடுத்த ஆய்வு.

சத்தம் போடுகிறவர்களுக்குப் பதில் சொல்லியே தீர வேண்டும் என்று வைத்தால், வராதவர்களின் நியாயம் அடிபட்டுப் போகும். அவர்களுக்காகத்தானே தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்கள் இருக்கிறார்கள்?

நடுப்பக்கம்:

பழைய கோப்பு சொல்வது உண்மைதான். அதனால்தான் "விருப்பமுள்ளவர்கள் வரலாம்" என்று கதவைத் திறந்து வைப்பதே தவறு என்கிறேன். குலுக்கலில் ஆட்களை எடுங்கள். வயது, பாலினம், வசிக்கும் இடம் எல்லாம் கலந்து வருமாறு எடுங்கள். அவர்களுக்கு நேரமும் விவரமும் கொடுங்கள்.

அயர்லாந்தில் 2016ல் 99 சாதாரணக் குடிமக்களையும் தலைவராக ஒரு நீதிபதியையும் வைத்துக் குடிமக்கள் அவை அமைத்தார்கள். கருக்கலைப்பு அங்கே எவ்வளவு சூடான விஷயம் என்று எல்லோருக்கும் தெரியும். கட்சிகள் தொடப் பயந்ததை அந்த அவை வார இறுதிகளில் உட்கார்ந்து பேசியது. இரண்டு பக்கத்தாரையும் கூப்பிட்டுக் கேட்டது. 2018 மே மாதம் பொது வாக்கெடுப்பில் 66.4 சதவீதம் பேர், அந்த அவை பரிந்துரைத்தபடி கருக்கலைப்புத் தடையை நீக்கும் மாற்றத்துக்கு வாக்களித்தார்கள். சத்தம் போடுகிற பத்துப் பேரால் அதைச் செய்திருக்க முடியாது.

தாழ்வாரம்:

அந்த 99 பேரை யார் தேர்ந்தெடுத்தது? எனக்குப் பிடிக்கவில்லையென்றால் அடுத்த தேர்தலில் அவர்களை எப்படி மாற்றுவது?

இன்னொன்று. பிரான்சில் 2019ல் பருவநிலைக்காக 150 பேரைக் குலுக்கலில் எடுத்தார்கள். மாதக்கணக்கில் உழைத்து 149 பரிந்துரைகள் கொடுத்தார்கள். வடிகட்டாமல் முன்னெடுப்பேன் என்றார் ஜனாதிபதி மக்ரோன். பிறகு பலவற்றைத் தள்ளினார்கள், பலவற்றை நீர்க்கச் செய்தார்கள். 2021ல் அந்தக் குடிமக்களே கூடி அரசுக்கு மதிப்பெண் போட்டார்கள்: 10க்கு 3.3. ஐஸ்லாந்தும் அப்படித்தான். குடிமக்கள் 25 பேர் எழுதிய அரசியல் சாசன வரைவுக்கு 2012 வாக்கெடுப்பில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு கிடைத்தது, நாடாளுமன்றம் அதை நிறைவேற்றவில்லை. கேட்டுவிட்டுக் கைவிடுவது கேட்காமல் இருப்பதைவிட மோசம். அடுத்த முறை கூப்பிட்டால் யார் வருவார்?

செவ்வந்தி:

பெரிய அவைகளைப் பற்றிப் பேசுகிறீர்கள். நான் இரவு வேலைக்குப் போகிறவள். கருத்துக்கேட்புக் கூட்டம் எப்போதும் வேலை நாளில் காலை 11 மணிக்கு. அந்த நேரத்தில்தான் நான் தூங்குவேன். கூட்டத்துக்கு வராதவர்களுக்கு அக்கறை இல்லை என்று தயவுசெய்து முடிவுகட்டாதீர்கள்.

ஒருமுறை இணையத்தில் படிவம் கொடுத்தார்கள். "திட்டம் அ பிடித்திருக்கிறதா, திட்டம் ஆ பிடித்திருக்கிறதா?" இரண்டும் வேண்டாம் என்று சொல்ல இடமே இல்லை. ஒன்றைத் தொடாமல் அடுத்த பக்கத்துக்கும் போக முடியவில்லை. மூடிவிட்டு வந்துவிட்டேன்.

உருப்படியாக நடந்த ஒன்றையும் சொல்கிறேன். வேறொரு வேலைக்காக ஒரு பெண் அலுவலர் இரவு பத்து மணிக்கு நிறுத்தத்துக்கே வந்து நின்றார். கையில் ஓர் அட்டை, பேனா. "இங்கே நிற்கும்போது எதற்குப் பயப்படுகிறீர்கள்?" என்று ஒரே கேள்வி. பத்து நிமிடம்தான். பேருந்து ஓட்டுநருக்கு எங்கள் முகம் தெரிவதில்லை, அதனால் நிற்காமல் போய்விடுகிறார் என்றேன். எழுதிக்கொண்டார். எந்தக் கூட்டத்திலும் இதை யாரும் என்னிடம் கேட்டதில்லை.

மழைக்குறி:

செவ்வந்தி சொன்னதுதான் நான் சொல்ல வந்தது. அவருக்குத் தெரிந்த அந்த ஒரு விஷயம் எந்த வரைபடத்திலும் இருக்காது. கருத்துக் கேட்பதே அதற்காகத்தான். ஓட்டு எண்ணுவதற்கு இல்லை.

பழைய கோப்பு ஐயா, ஒரே வாசகத்தில் நானூறு கடிதம் வந்தால் நானூறு பதில் எழுதச் சொல்லவில்லை. அது ஒரே வாதம், ஒரே பதில் போதும். நானூறு பேர் என்பதற்காக அது நியாயமாகிவிடாது, ஒருவர் மட்டும் சொன்னார் என்பதற்காக இன்னொன்று தவறாகிவிடாது. எண்ணிக்கையை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் 2017 அனுபவமே போதும். இணையச் சேவை நிறுவனங்கள் எல்லாத் தளங்களையும் சமமாக நடத்த வேண்டும் என்கிற இணையச் சமவாய்ப்பு விதிகள் பற்றித் தகவல்தொடர்பு ஆணையம் கருத்துக் கேட்டது. 2 கோடியே 20 லட்சத்துக்கும் மேல் வந்தன. நியூயார்க் தலைமை வழக்கறிஞர் அலுவலகம் விசாரித்தபோது அவற்றில் ஏறக்குறைய 1 கோடியே 80 லட்சம் போலி. 77 லட்சத்தை 19 வயதுக் கல்லூரி மாணவர் ஒருவரே அனுப்பியிருந்தார்.

புது நிறுத்தத்தில் இப்போது நடைமேடை ஓரம் உயரம். மழை பெய்தால் அதன் கீழே தண்ணீர் தேங்குகிறது. பேருந்து ஓரம்கட்டாமல் நடுச்சாலையில் நிற்கிறது, கைத்தடியோடு வருகிறவர்கள் அந்தத் தண்ணீரில் கால் வைத்துத்தான் ஏறுகிறார்கள். அங்கே தண்ணீர் தேங்கும் என்று என் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் இருந்தது. அளவெடுக்க வந்தவர்கள் வெயில் நாளில் வந்திருப்பார்கள்.

பழைய கோப்பு:

சரி, தொகுத்துப் பதில் சொல்வது முடியும். இதை ஒத்துக்கொள்கிறேன். நாங்களே செய்திருக்கலாம்.

ஆனால் ஒன்று. காரணத்தை எழுதிவிட்டால் அது நீதிமன்றத்துக்குப் போகும். அந்தப் பயத்தில் அலுவலர்கள் இன்னும் மழுப்பலாகத்தான் எழுதுவார்கள். நீங்கள் சொன்ன கன்னிங் விதிகளை பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2014ல் லண்டனின் ஹாரிங்கே நிர்வாகத்துக்கு எதிரான வழக்கில் அப்படியே ஏற்றது. வசதி குறைந்த குடும்பங்களின் வரிச் சலுகையைக் குறைக்கும் திட்டத்துக்கு மாற்று வழிகள் இருப்பதைச் சொல்லாமல் மக்களிடம் கருத்துக் கேட்டது சட்டவிரோதம் என்றது. ஆனால் மறுபடி கேட்கச் சொல்லி உத்தரவிடவில்லை. இதனால் அந்தக் குடும்பங்களுக்கு என்ன கிடைத்தது?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், இத்தனை நாள் யாரிடமும் சொன்னதில்லை. "கருத்தில் கொள்ளப்பட்டது" என்பது என் வார்த்தை இல்லை. மேலிருந்து வந்த மாதிரிப் படிவத்திலேயே இருந்தது. அதை நிரப்ப நான் உட்கார்ந்த சில நேரங்களில் ஒப்பந்தம் ஏற்கெனவே போயிருக்கும். பெட்டியில் கடிதங்கள் வந்துகொண்டே இருக்கும், நான் ஒவ்வொன்றாகப் பிரித்துப் படிப்பேன். நல்ல யோசனைகள் இருக்கும். எடுத்துக்கொண்டு யாரிடம் போவது? அதனால் உங்கள் முதல் விதி, முடிவுக்கு முன்பே கேட்பது, அதில் எனக்கு மறுப்பே இல்லை. மற்ற மூன்றும் அதற்குப் பிறகுதான்.

நடுப்பக்கம்:

தாழ்வாரத்துக்கு ஒரு பதில் பாக்கி. கேட்பதோடு அதிகாரத்தில் ஒரு பங்கையும் கொடுத்தால் கைவிடுவது கடினம். பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரே நகரத்தில் 1989ல் பங்கேற்பு பட்ஜெட் தொடங்கினார்கள். எந்தத் தெருவுக்கு முதலில் வடிகால், எந்தப் பகுதிக்குப் பள்ளி என்பதை மக்கள் கூட்டங்களே வரிசைப்படுத்தின. வசதி குறைந்த பகுதிக்குக் கூடுதல் புள்ளி. எளிய மக்கள் வந்தார்கள், ஏனென்றால் வந்ததற்குப் பலன் கண்ணெதிரே தெரிந்தது.

தாழ்வாரம்:

அதையும் 2017ல் நகர நிர்வாகம் நிறுத்திவைத்தது. கொடுத்தவர்களே திரும்ப எடுத்துக்கொள்ள முடியுமென்றால் அதை அதிகாரப் பங்கு என்று எப்படிச் சொல்வது? சட்டத்தில் எழுதி வையுங்கள், பிறகு பேசலாம்.

மழைக்குறி:

அதிகாரத்தில் பங்கு வேண்டும் என்கிற சண்டை நியாயமானது, ஆனால் நான் அவ்வளவு தூரம் போகவில்லை. முடிவெடுக்கும் உரிமை அவர்களிடமே இருக்கட்டும். முன்கூட்டியே கேளுங்கள், நிறுத்தத்துக்கே வந்து கேளுங்கள், காரணத்தோடு பதில் சொல்லுங்கள். அந்தப் பதிலின் கீழே ஒரு பெயர் இருக்க வேண்டும்.

பழைய கோப்பு:

பெயர் வேண்டாம். இதில் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஒரு திட்டத்தில் தொடர்புக்கு என்று என் பெயரைப் போட்டுவிட்டார்கள். இரவு பன்னிரண்டு மணிக்கு வீட்டுக்குப் போன். என் மகள் எடுத்து, கேட்கக்கூடாததையெல்லாம் கேட்டாள். முடிவெடுத்தவன் நான் இல்லை, திட்டு வாங்கியது என் குடும்பம்.

மழைக்குறி:

மகளுக்கு அப்படி நேர்ந்திருக்கக் கூடாது. நான் கேட்டது எழுதிய குமாஸ்தாவின் பெயரை இல்லை. முடிவெடுத்த அதிகாரியின் பதவியைப் போட்டு, அவரே கையெழுத்திடட்டும். அதற்கு என்ன தடை?

பழைய கோப்பு:

தடை எதுவும் இல்லை. ஆனால் அந்த இணைப்பை முழுக்கப் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவார் என்று நான் நம்பத் தயாராக இல்லை. நான் நீட்டிய தாள்களில் கையெழுத்து விழுந்த வேகத்தைப் பார்த்தவன் நான்.

செவ்வந்தி:

அப்படியென்றால் அவரையும் ஒருநாள் இரவு பத்து மணிக்கு நிறுத்தத்துக்கு வரச் சொல்லுங்கள். அட்டையும் பேனாவும் நான் கொண்டுவருகிறேன்.