கராஷிமாவின் கல்வெட்டுப் பெயர் ஆய்வு: எம்.ஏ. ஆய்வேட்டுக்கு எப்படிப் பின்பற்றுவது?

கேள்வி: டோக்கியோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த நொபொரு கராஷிமாவின் வழியில் சோழர் கல்வெட்டுப் பெயர்களை எண்ணிப் பார்க்க விருப்பம். எங்கே தொடங்கலாம்?

பதில் 1: முதலில் அல்லூர், ஈசானமங்கலம் பற்றிய அவரது கட்டுரை. திருச்சி அருகே பக்கத்துப் பக்கத்து ஊர்கள்தான். அல்லூரில் ஊரார் கூட்டாக நிலம் வைத்திருந்தார்கள். பிரமதேயமான (பிராமணர்களுக்குக் கொடையாகத் தரப்பட்ட ஊரான) ஈசானமங்கலத்தில் தனியுடைமை. பிறகு காலத்தை அவரைப்போலவே நான்காகப் பிரியுங்கள்: 849–985, 985–1070, 1070–1178, 1178–1279. ‘உடையான்’ என முடியும் பெயர்களைத் அட்டவணையில் தனிப் பத்தியில் குறியுங்கள். நில உடைமைக்கு அதுவே தடயம்.

பதில் 2: ஒரே ஆள் பல கல்வெட்டுகளில் வருவார். ஊர், பட்டம் ஒப்பிடாமல் எண்ணினால் கணக்கு வீங்கிவிடும். சோழ அரசர் பலருக்கும் இருந்த பட்டமான ‘பரகேசரி’ மட்டும் இருந்தால் எந்த அரசன் என்று முடிவுகட்டாதீர்கள்.

பதில் 3: கல்வெட்டு ஆண்டறிக்கைச் சுருக்கத்தை நம்பி எண்ணவே கூடாது, பாதிப் பெயர் அதில் இருக்காது. கல்வெட்டின் முழு வாசகம் வேண்டும். ஆய்வாளர்கள் சுப்பராயலு, மட்சுயியுடன் கராஷிமா 1978இல் வெளியிட்ட பெயரடைவு (சோழர் கல்வெட்டுப் பெயர்களின் தொகுப்பு) நூலகத்தில் கிடைத்தால் வேலை பாதி குறையும்.