புதுப்பிப்பு: அப்பாவின் லைஃப் ஜாக்கெட்டை மாற்றிவிட்டோம்

நாகப்பட்டினத்தில் ஃபைபர் படகில் மீன்பிடிக்கப் போகும் அப்பாவுக்கு வாங்கிய லைஃப் ஜாக்கெட், தண்ணீரில் இறங்கினால் காது வரை ஏறிவிடுகிறது என்று போன மாதம் எழுதியிருந்தேன். அளவும் தவறு, வகையும் தவறு. அது 50 நியூட்டன் (விசையை அளக்கும் அலகு) மிதப்பு விசை கொண்டது. நீந்தத் தெரிந்தவர்கள் கரையோரம் அணிவதற்கானது. இப்போது வாங்கியது 150 நியூட்டன். மயங்கிக் கிடந்தாலும் பெரும்பாலும் முகத்தை வானம் பார்க்கத் திருப்பிவிடும். பட்டைகளை இறுக்கி, ஜாக்கெட்டின் தோள் பகுதியைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தேன், அது மோவாயைத் தொடவில்லை. கால்களுக்கு இடையே போகும் கவட்டைப் பட்டையை மாட்டத்தான் அப்பா கூச்சப்பட்டார். அது இல்லாவிட்டால் மறுபடியும் மேலே ஏறும் என்று விடாமல் சொன்னேன்.

கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்துகிறோம். அதன்மேல் யாரும் உட்காருவதில்லை. உள்ளிருக்கும் நுரை நசுங்கினால் மிதப்பு குறையும். நேற்று விடியற்காலை, நான் சொல்லாமலே போட்டுக்கொண்டு படகைத் தள்ளினார்.