ஓஸ்கிக்குப் படிக்கிற நர்ஸ்களுக்கு: சரிபார்ப்பதை வாய்விட்டுச் சொல்லுங்க

யூகே வந்து இறங்கி, ஓஸ்கி (OSCE), அதாவது இங்கே நர்ஸாகப் பதிவு செய்யக் கொடுக்கவேண்டிய செய்முறைப் பரீட்சை, அதோட தேதிக்காகக் காத்திருக்கிற தங்கச்சி தம்பிகளுக்கு இது. முதல் கட்டத் தேர்வான சிபிடியை (CBT) ஊரிலேயே முடிச்சிருப்பீங்க. கணக்கு 15 கேள்வி, நர்சிங் 100 கேள்வி, எல்லாம் கம்ப்யூட்டரில். ஓஸ்கியில் 10 ஸ்டேஷன், அதாவது ஒவ்வொண்ணா செய்து காட்டுற 10 பகுதி, பெரும்பாலானவற்றில் எதிரே எக்ஸாமினர் இருப்பார். நீங்க மனசுக்குள்ளே சரிபார்த்தது அவருக்குத் தெரியாது. சொன்னதுக்கும் செய்ததுக்கும்தான் மதிப்பு.

நம்ம ஊர் வார்டில் இருக்கிற கூட்டத்துக்கு நின்னு பேச நேரம் ஏது? கை ஓடும், வாய் மூடியிருக்கும். முதலில் மாத்த வேண்டியது அந்தப் பழக்கத்தைத்தான். மூச்சை முழுசா ஒரு நிமிஷம் எண்ணுங்க. பேஷன்ட் நிலை மோசமாகுதா என்று மூச்சு, நாடி, பிரஷர் மாதிரி அளவுகளுக்கு மார்க் போட்டுப் பார்க்கிற நியூஸ்2 (NEWS2) சார்ட்டில் ஸ்கோரைக் கூட்டுங்க. 5 வந்தால் உடனே டாக்டர் பார்க்கணும், 7 அல்லது அதுக்கு மேலே போனால் எமர்ஜென்சி. யாரைக் கூப்பிடுவீங்க என்பதையும் சொல்லுங்க.

என் கணக்கில் ரொம்பக் கவனம் வேண்டியது மருந்து கொடுக்கிற ஸ்டேஷன். பேரையும் பிறந்த தேதியையும் பேஷன்ட் வாயால் சொல்ல வைங்க. "நீங்கதானே இன்னார்?" என்று கேட்டால் அரைத் தூக்கத்தில் இருப்பவர் எதுக்கும் தலையாட்டிடுவார். அப்புறம் கையில் கட்டியிருக்கிற பட்டையையும் டிரக் சார்ட்டையும் ஒத்துப்பாருங்க. அலர்ஜி உண்டா, வந்தால் என்ன ஆகும், ரெண்டையும் கேளுங்க. பென்சிலின் அலர்ஜி இருக்கிறவருக்கு கோ-அமாக்ஸிக்ளாவ் எழுதியிருந்தால் உங்களுக்குச் சட்டென்று உறைக்கணும். ஊரில் நாம ஆக்மென்டின் என்று எடுத்துக் கொடுத்த அதே மருந்துதான், பென்சிலின் வகை. கொடுக்காதீங்க. ஏன் கொடுக்கலை என்று சார்ட்டில் குறிச்சு, எழுதின டாக்டருக்குச் சொல்லுங்க.

டோலோ 650 கணக்கையும் மறந்திடுங்க. இங்கே பாராசிட்டமால் மாத்திரை 500 மில்லிகிராம், பெரியவங்களுக்கு வழக்கமா ஒரு தடவைக்கு ரெண்டு. கடைசி டோஸ் எப்போ என்று பார்க்காமல் கை நீட்டாதீங்க: குறைஞ்சது 4 மணி நேர இடைவெளி, 24 மணி நேரத்தில் 4 கிராமுக்கு மேலே கூடாது. கோ-கோடமால் ஓடுதான்னும் பாருங்க, அதுக்குள்ளேயும் பாராசிட்டமால் இருக்கு. மருந்து எல்லாம் ஜெனரிக் பேரில்தான் இருக்கும், அதனால் லாசிக்ஸை ஃபியூரோசமைடு என்று இப்பவே சொல்லிப் பழகுங்க.

சில ஸ்டேஷன்கள் பேச்சே இல்லாமல் எழுதுறது. அதில் ஒண்ணு ஆராய்ச்சி பற்றினது. ஒரு ஆய்வின் சுருக்கம் கொடுப்பாங்க. புண்ணைக் குழாய்த் தண்ணியில் கழுவலாமா, சலைன்தான் வேணுமா என்பது மாதிரி. காலேஜில் மனப்பாடம் செய்தது இங்கே உதவாது. அந்தத் தாள் என்ன சொல்லுதோ அதை மட்டும் எழுதி, அந்தப் பேஷன்டுக்கு என்ன ஆலோசனை கொடுப்பீங்க என்று முடிங்க. தாளில் இல்லாத முடிவைச் சேர்க்காதீங்க.

மாதிரி ஸ்டேஷன்களையும் மதிப்பீட்டு அளவுகோலையும் டெஸ்ட் சென்டர்களே வெளியிடுறாங்க. கோச்சிங்குக்குப் பணம் கட்டுறதுக்கு முன்னாடி அதைப் படிங்க. ரூம்மேட்டைப் படுக்க வைத்து, சத்தமா, நேரம் வைத்துச் செய்து பாருங்க. ஒரு ஸ்டேஷனில் ஃபெயில் ஆனால் அதை மட்டும் திரும்பச் செய்தால் போதும். ஒரு விண்ணப்பத்துக்கு மூணு வாய்ப்பு உண்டு.