சாதுவான கோழி என்றால் யாரிடம் சாது?

வேலியோரம்:
வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் இடம் இருக்கிறது. நான்கு பெட்டைக்கோழிகள் போதும், சேவல் வேண்டாம். ஆறு வயதிலும் ஒன்பது வயதிலும் இரண்டு குழந்தைகள். கோழியைக் கையில் தூக்க வேண்டும் என்று இருவருக்கும் ஆசை. மடியில் வைத்துக் கொஞ்ச, பஞ்சு போன்ற இறகுள்ள சிறிய இனமான சில்கி இரண்டு, முட்டைக்கு ரோட் ஐலண்ட் ரெட் இனத்தில் இரண்டு வாங்கலாம் என்று நினைக்கிறேன். சரியாக வருமா?

தவிட்டுக்கொண்டை:
வேண்டாம். இதே சேர்க்கையை வளர்த்து வருந்தியவன் நான். இரண்டு சில்கி, மூன்று ரோட் ஐலண்ட் ரெட். முதல் சில மாதங்கள் ஒரு குறையும் இல்லை. பிறகு ஒரு வாரம் விடாத மழை. வெளியே விட முடியாமல் கூண்டிலேயே வைத்திருந்தேன். மூன்றாம் நாள் காலையில் பார்த்தால் ஒரு சில்கியின் தலை முழுக்க ரத்தம். சில்கியின் கொண்டை இறகு கண்ணை மறைத்துவிடும், பக்கத்திலிருந்து கொத்து வருவது அதற்குத் தெரியாது. போதாததற்கு, பல சில்கிகளுக்குக் கொண்டைக்கு அடியில் மண்டையோடு மேல்நோக்கிப் புடைத்திருக்கும். அந்த இடத்தில் எலும்பு முழுதாக மூடியிருக்காது. மற்றக் கோழிக்குச் சிராய்ப்பாகப் போகிற கொத்து இதற்கு உயிரையே எடுத்துவிடலாம். என் கோழி பிழைத்தது. ஆனால் அதன் பிறகு மற்றவை இருக்கும்போது அது தீவனத் தொட்டிப் பக்கம் வரவே இல்லை.

நான்கையும் ஒரே குணமுள்ள இனமாக வாங்குங்கள். பஃப் ஆர்பிங்டன் நல்லது. கொச்சினும் நல்லது.

மண்கிண்டி:
படிக்கவே வருத்தமாக இருக்கிறது. ஆனால் பழியை இனத்தின் மேல் போடுவது நியாயம் இல்லை. பகலெல்லாம் வெளியே திரிந்த ஐந்து கோழிகளை ஒரு வாரம் அடைத்து வைத்தால் எந்த இனமும் கொத்தும். கூண்டுக்குள் ஒரு கோழிக்கு நான்கு சதுர அடி, வெளியே பத்துச் சதுர அடி என்பது பொதுவாகச் சொல்லும் அளவு. அடைத்து வைக்க நேர்ந்தால் அதுவும் போதாது. தீவனத் தொட்டி இரண்டு வேண்டும், ஒன்றிலிருந்து பார்த்தால் மற்றது தெரியாத இடத்தில்.

கோழிகளுக்குள் யார் யாரைக் கொத்தலாம் என்ற வரிசை இருப்பதை நார்வேக்காரர் ஷெல்டெரூப்-எப்பே 1921இலேயே எழுதிவிட்டார். ஆர்பிங்டன் கூட்டத்திலும் அந்த வரிசை உண்டு. முட்டையிலிருந்து வந்த நாள் முதல் என் கையில் வளர்ந்த ரோட் ஐலண்ட் ரெட் இன்று நான் உட்கார்ந்தால் மடியில் ஏறுகிறது. வளர்ப்புதான் குணம்.

தவிட்டுக்கொண்டை:
உங்கள் மடியில் ஏறுகிறது, சரி. தன்னைவிடச் சிறிய கோழியிடம் எப்படி நடந்துகொள்கிறது? இந்த இரண்டையும் நீங்கள் ஒன்றாக்குகிறீர்கள். அசில் கோழியைப் பாருங்கள். வளர்ப்பவர் கையில் அத்தனை அமைதி, குழந்தைகூடத் தூக்கலாம். அதையே இன்னொரு அசிலின் முன்னால் விட்டால் இரண்டில் ஒன்று விழும்வரை நிற்காது. குஞ்சாக இருக்கும்போதே சண்டை தொடங்கிவிடும். அதை எந்த வளர்ப்பு மாற்றியது? தலைமுறை தலைமுறையாகச் சண்டைக்கென்று தேர்ந்தெடுத்த ரத்தம் அது.

மண்கிண்டி:
அசில் பற்றி நீங்கள் சொல்வதை ஏற்கிறேன். வளர்ப்பு மட்டுமே என்று நான் சொன்னது அதிகப்படி. ஆனால் ரத்தம் வேறு, இனப்பெயர் வேறு. அமெரிக்காவில் பர்டியூ பல்கலைக்கழகத்தில் வில்லியம் மியூர் செய்த சோதனை 1996இல் வெளிவந்தது. அலகு வெட்டாத முட்டைக்கோழிகள், ஒரு கூண்டில் பல. தனிக் கோழியின் முட்டைக்கணக்கைப் பார்க்காமல், கூண்டில் உள்ள எல்லாமே நன்றாக இருந்த குடும்பங்களையே அடுத்த தலைமுறைக்கு எடுத்தார். ஆண்டு இறப்பு இரண்டே தலைமுறை இடைவெளியில் 68 சதவீதத்திலிருந்து 8.8 சதவீதமாக இறங்கியது. இனம் அதேதான், வம்சவழி மாறியது. அதனால் எந்த இனம் என்று மட்டும் கேட்காமல், தாயும் தகப்பனும் எப்படிப்பட்டவை என்று கேளுங்கள்.

அடைக்கோழி:
இருவரும் கொத்துவதைப் பற்றியே பேசுகிறீர்கள். சாது என்று பெயர் வாங்கிய இனங்களில் பல அடிக்கடி அடை படுக்கும், சில்கிதான் அதில் முதல். சேவல் இல்லாத வீட்டில் முட்டை பொரியாது. ஆனாலும் அது எழுந்திருக்காது; வாரக்கணக்கில் சரியாகத் தின்னாமல் இளைத்துக்கொண்டே கிடக்கும், முட்டையும் நின்றுவிடும். மடியில் தூங்கிய அதே கோழி அப்போது உடலை உப்பிக்கொண்டு கையைக் கொத்தும். குழந்தைகளிடம் இதை முதலிலேயே சொல்லி வையுங்கள்.

கொச்சின் அருமையான குணம், மறுக்கவில்லை. ஆனால் காலெல்லாம் இறகு. ஈர மண்ணில் சேறு அப்பிக்கொள்ளும், கால் செதிலுக்கு அடியில் பூச்சி புகுந்தால் சீக்கிரம் கண்ணில் படாது. வெயில் நேரத்தில் அந்தப் பருத்த உடலுக்கு மூச்சு வாங்கும். கோழிக்கு வியர்வை கிடையாது.

என் தேர்வு ஆஸ்ட்ரலார்ப். 1886இல் வில்லியம் குக் இங்கிலாந்தில் உருவாக்கிய கறுப்பு ஆர்பிங்டன் ஆஸ்திரேலியாவுக்குப் போய், அங்கே முட்டைக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டு வந்த இனம் இது. 1922-23இல் ஆறு ஆஸ்ட்ரலார்ப் கோழிகள் 365 நாளில் 1,857 முட்டை இட்டன. நம் வீட்டில் அத்தனை வராது. ஆனால் முட்டைக்கு ஓர் இனம், கொஞ்ச ஓர் இனம் என்று பிரிக்க வேண்டிய தேவையே இல்லை. ஆர்பிங்டனின் நிதானம் அதில் அப்படியே இருக்கிறது.

வேலியோரம்:
சின்னவள் சில்கியின் படத்தைப் பார்த்துவிட்டு அதுதான் வேண்டும் என்கிறாள். மூன்று ஆஸ்ட்ரலார்ப், ஒரே ஒரு சில்கி?

தவிட்டுக்கொண்டை:
ஒற்றைச் சில்கி கூடவே கூடாது. நான்குமே சில்கியாக வாங்குங்கள், மகிழ்ச்சியாக ஆதரிக்கிறேன். முட்டை குறையும், அவ்வளவுதான்.

மண்கிண்டி:
இங்கே நான் ஒத்துப்போக மாட்டேன். ஒரே வயதுக் குஞ்சுகளாக ஒன்றாக வளர்த்தால் இரண்டு சில்கியும் இரண்டு ஆஸ்ட்ரலார்ப்பும் சேரும். சில்கி மட்டும் நுழையும் அளவுக்கு ஒரு தாழ்ந்த வாசல் வைத்து, உள்ளே தனித் தீவனம் வையுங்கள். கொண்டை இறகைக் கண் தெரியும்படி கத்தரித்துவிடுங்கள்.

அடைக்கோழி:
அதில் ஒரு சிக்கல் உண்டு. சில்கிக் குஞ்சில் சேவல் எது, பெட்டை எது என்று தெரியப் பல மாதங்கள் ஆகும். சேவல் வேண்டாம் என்பவர் சில்கியைக் குஞ்சாக வாங்குவது சூதாட்டம். பெரியதாக வாங்கினால் ஒன்றாக வளர்ப்பது என்ற உங்கள் வழி போய்விடுகிறது.

மண்கிண்டி:
அது உண்மை. குஞ்சு தருபவர் சேவலைத் திரும்ப எடுத்துக்கொள்வாரா என்று முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும்.

வேலியோரம்:
நாளை ஆஸ்ட்ரலார்ப் வளர்ப்பவர் ஒருவரைப் பார்க்கப் போகிறேன். தாய்க்கோழிகளைப் பார்க்க வேண்டும் என்றேன். தீவனம் வைக்கும் நேரத்திலேயே வரச் சொன்னார். சில்கியைப் பற்றி மகளிடம் இன்னும் பேசவில்லை.

தவிட்டுக்கொண்டை:
அவர் கூண்டுக்குள் போவதாக இருந்தால், நோய் ஒட்டிக்கொண்டு போகாமல் இருக்கச் செருப்பைக் கழுவிவிட்டுப் போங்கள், திரும்பி வந்ததும் ஒருமுறை.

மண்கிண்டி:
கடைசியில் சாப்பிட வருவது எது என்று கவனியுங்கள். அதன் பின்கழுத்தில் இறகு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள்.