கேட்வேயைத் தாண்டியதும் சோப் (SOAP) மெசேஜின் கையொப்பம் செல்லாமல் போகிறது. வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. எக்ஸ்எம்எல் வடிவில் மெசேஜ் வாங்கும் பழைய சோப் சர்வீஸ் ஒன்று, அதற்கு முன்னால் மெசேஜ்களைச் சோதித்து உள்ளே அனுப்பும் ஒரு கேட்வே. கிளையன்ட் எக்ஸ்.509 டிஜிட்டல் சான்றிதழை வைத்து பாடியையும் (மெசேஜின் உள்ளடக்கம்) டைம்ஸ்டாம்பையும் கையொப்பமிட்டு அனுப்புகிறது. நேராக சர்வீஸுக்கு அனுப்பினால் ஒழுங்காகப் போகிறது. கேட்வே வழியாகப் போனால் மட்டும் கையொப்பம் தவறு என்று ஃபால்ட் (பிழைச் செய்தி) வருகிறது.

இரண்டு பக்கமும் மெசேஜைப் பிடித்து ஒப்பிட்டுப் பார்த்தேன். பாடிக்குள் டேக்குகளுக்கு நடுவே இருந்த வரி முறிவுகளைக் கேட்வேக்கு அப்புறம் காணோம். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் எக்ஸ்க்ளூசிவ் கெனானிகலைசேஷன் (கையொப்பமிடும் முன் எக்ஸ்எம்எல்லைச் சீரான வடிவுக்குக் கொண்டுவரும் முறை) அந்த வெற்றிடங்களை நீக்காது, அதனால் டைஜஸ்ட் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் சரிபார்ப்பு மதிப்பு) மாறிவிடுகிறது. கேட்வேயில் மெசேஜின் அமைப்பு சரியா என்று பார்க்கும் ஸ்கீமா சரிபார்ப்பு பாலிசிதான் மெசேஜைப் பிரித்துத் திரும்ப எழுதுகிறதோ என்று சந்தேகம். சர்வர் கடிகாரங்கள் ஒத்துப்போகின்றன, அதைப் பார்த்தாகிவிட்டது; எனவே டைம்ஸ்டாம்ப் நேரம் காரணமாக இருக்காது.

கேட்வேயிலேயே கையொப்பத்தைச் சரிபார்த்து, அது இருக்கும் செக்யூரிட்டி ஹெடரை எடுத்துவிட்டு, கேட்வேயின் சாவியால் புதிதாகக் கையொப்பமிடுவதா? அப்படியானால் முதலில் அனுப்பியவர் யார் என்பதை சர்வீஸுக்கு எப்படித் தெரிவிப்பது, எஸ்ஏஎம்எல் (SAML) என்ற அடையாளச் சான்று டோக்கன்தானா? இல்லை, ஒரு பைட்கூட மாறாமல் அப்படியே கடத்திவிட வழி உண்டா? எங்கள் ஆடிட்காரர்கள் இரண்டாவதைத்தான் கேட்பார்கள். செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். பாலிசி கோப்பு தேவையென்றால் சாவி விவரங்களை நீக்கிவிட்டுப் போடுகிறேன்.