பழைய உருளியும் லாந்தரும்: யோசனை சொல்லுங்களேன்

தக்கலைப் பக்கம் பழைய சாமான் கடையில் ஒரு பித்தளை உருளியும் இரண்டு லாந்தர்களும் வாங்கினேன். ஓணத்துக்கு உருளியில் தண்ணீர் விட்டுப் பூ மிதக்கவிட்டதும் வீட்டுக்களையே மாறிவிட்டது. ஆனால் நாங்கள் இருப்பது குளச்சல் கடலோரம். புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று வைத்தால் உப்புக்காற்றில் பத்தே நாளில் கறுத்துவிடுகிறது. யாராவது லாக்கர் (பளபளப்பைக் காக்கும் நிறமில்லாத பூச்சு) அடித்துப் பார்த்திருக்கிறீர்களா? தண்ணீர் நின்றால் உரியுமா?

அப்புறம், லாந்தர்களைக் கிறிஸ்துமஸ் குடிலுக்கு இருபுறமும் தொங்கவிட ஆசை. மண்ணெண்ணெய் வேண்டாம், உள்ளே சின்ன எல்இடி பல்பு போதும். ஒன்றின் அடித்தட்டு துருப்பிடித்து விரல் வைத்தால் பொடியாக உதிர்கிறது. மேலே உள்ள பழைய பச்சைப் பெயிண்டைச் சுரண்ட மனமில்லை (அதுதானே அழகு!). பெயிண்டைக் கெடுக்காமல் துருவை மட்டும் எப்படி நிறுத்துவது? இன்னொன்றுக்குக் கண்ணாடிச் சிமினி இல்லை. நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் எங்கே கிடைக்கும்?